சம்பந்திக்கு ஒரு கடிகாரம்

அல்மாத்தி பஜாரில் போய் ரவ்ஷான் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்தப் போலிக் கடிகாரக்காரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு அடுத்த மேடையில் அவள் குர்த் விற்கிறாள். உப்புப் போட்டு உருட்டிக் காயவைக்கும் அந்தத் தயிர்க் கட்டியில் ஒரு நாளும் மாவு கலந்ததில்லை. தராசில் விரல் வைத்ததில்லை. அதெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கடிகாரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதுவும் தப்பாக.

என் பேர் குல்யாஷ். குதிரை இறைச்சி விற்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும். இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் செய்த பாவத்துக்கு என் வாய் எவ்வளவோ தேவலை.

ரவ்ஷானின் புருஷன் லாரி ஓட்டினான். ஒரு பனிக்காலத்தில் சாலையில் வண்டி வழுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் மோல்தீருக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. அவன் விட்டுப்போன காசில் ரவ்ஷான் செய்த ஒரே நல்ல காரியம், பஜாரில் இருந்த மேடையைத் தன் பேருக்கே வாங்கிப் போட்டது. மற்றவர்கள் மாதா மாதம் வாடகை கட்டி அழும்போது அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். குர்த்தின் புளித்த வாடை கையைவிட்டுப் போகாது. மோல்தீரின் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் எலுமிச்சையை அறுத்து முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாள். "என் பொண்ணை யாரும் மோந்து பாத்து எடை போடக்கூடாதுடி" என்பாள்.

மோல்தீர் படித்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே மிராஸ் என்ற பையனைப் பிடித்துப்போனது. பையன் சாது. அவன் அப்பா அமன்கெல்தி அடுக்குமாடி கட்டி விற்கிற ஒப்பந்தக்காரர். மலைப்பக்கம் பெரிய வீடு, வாசலில் இரண்டு கார். அவர்கள் வந்து பெண்ணுக்குத் தோடு போட்டு உறுதி செய்துவிட்டுப் போனார்கள். பிறகு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ரவ்ஷானுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் அக்கா இடத்தில் என்னை உட்கார வைத்தாள்.

சம்பந்தம் பேசினால் ஈரலும் வால் கொழுப்பும் ஊட்டிவிட வேண்டும். அதைத் தின்றுவிட்டால் அப்புறம் பிரிவு கிடையாது. ஊட்டும்போது கொஞ்சம் தயிரை மூஞ்சியிலும் பூசிவிட்டுச் சிரிப்போம். அமன்கெல்தி மேல் பூசலாம் என்று நான் கையை ஓங்கியபோது அவர் மணிக்கட்டை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மூஞ்சியில பூசுங்க சம்பந்தி, முடியில பூசுங்க. கடிகாரத்து மேல மட்டும் வேண்டாம்!"

நீல முகம் வைத்த கடிகாரம். சட்டைக் கையை மடித்து, அது சுவிஸ் என்றார், முதல் கட்டடம் முடித்தபோது தனக்குத் தானே வாங்கிக்கொண்டது என்றார். அதன் பெட்டியும் காகிதமும் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றனவாம்.

"ஏழு தலைமுறைப் பேர் சொல்லத் தெரியாத ஆளும், காகிதம் இல்லாத கடிகாரமும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆண்கள் எல்லாரும் கூடச் சிரித்தார்கள்.

அவர் மனைவி பீபிகுல் சிரிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன ஜரிகை அங்கியைப் பிரித்து, உள்துணியைப் புரட்டிப் பார்த்தாள். "இந்த மாதிரி எங்ககிட்ட நாலஞ்சு இருக்கு. ஒரு கல்யாணத்துல வரும், இன்னொரு கல்யாணத்துல போகும். இதுவும் போகட்டும்" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சீராக வந்த துணி ஊரைச் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்புறம் டீ வந்தது.

டீ என்றால் எங்களில் அரைக் கோப்பைக்கும் கீழேதான் ஊற்றுவோம். குடித்தால் மறுபடி கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். இரு, பேசு, போகாதே என்று அதற்கு அர்த்தம். தளும்பத் தளும்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பீபிகுல் எனக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சமாக ஊற்றினாள். ரவ்ஷானுக்கு விளிம்புவரை ஊற்றி நீட்டினாள். கொடுக்கும்போது மூக்கை லேசாகச் சுருக்கியதையும் நான் பார்த்தேன். எலுமிச்சை எல்லாம் வீண்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரவ்ஷான் தன் கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஊத்தினதப் பாத்தியா?"

"பாத்தேன். கை தவறியிருக்கும்."

"பொய் சொல்லாதடி, உனக்கு வராது." எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்ல டீ ஊத்தப் போறவ. தலை நிமிந்து ஊத்தணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்வேன்."

கல்யாணத்துக்கு முன் மண்டபம் பார்க்க அமன்கெல்தி பஜார் பக்கம் வந்தார். அன்றைக்கு அவர் கை வெறுமையாக இருந்தது. வெயில் படாத வெள்ளைத் தடம் மணிக்கட்டில் பளிச்சென்று தெரிந்தது. ரவ்ஷான் கண்ணில் அது படாமல் இருக்குமா?

"கடிகாரம் எங்க சம்பந்தி?"

"சர்வீஸுக்கு சுவிட்சர்லாந்துக்கே அனுப்பிட்டேன். இங்க இருக்கறவங்க கையில கொடுக்க மனசு வரல. கல்யாணத்துக்குள்ள வராது போல. சபையில வெறுங்கையோட நிக்கணும், என்ன செய்ய."

அவர் போனதும் ரவ்ஷான் என் மேடைக்கு ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"குல்யாஷ், கிடைச்சிருச்சு! அவருக்கு சீரா கடிகாரம் வைக்கப் போறேன். அதே கம்பெனி, அதே நீலம்."

"உனக்குக் கிறுக்கா? அவர்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"கார் ரெண்டு இல்ல? கடிகாரம் ரெண்டு இருந்தா என்ன? அங்கி கொடுத்தா அலமாரிக்குப் போயிடும். இது கையில இருக்கும். பாக்கறவன் எல்லாம் கேப்பான், யார் கொடுத்ததுன்னு. அவர் சொல்லித்தானே ஆகணும்?"

புதுசின் விலையைக் கேட்டபோது அவளுக்கு மூச்சு நின்று வந்தது. பழைய கடிகாரம் வாங்கி விற்கிற வதீம் என்று ஒரு ரஷ்யன் இருந்தான், சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் சின்னக் கடை. வருஷா வருஷம் புத்தாண்டுக்கு என்னிடம் காஸி வாங்குகிறவன். குதிரை விலாக்கறி அடைத்த குடல் என்றால் உயிரை விடுவான். அவனிடம் அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே நீல முகம் இருந்தது. ரவ்ஷான் குனிந்து பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள்.

"பெட்டி, காகிதம்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றான் வதீம். "வீடு மாறும்போது தொலைஞ்சிருச்சுன்னு வித்தவர் சொன்னார். அதனாலதான் இந்த விலை. காகிதத்தோட வந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டீங்க."

"சீட்டு இல்லாத குதிரைய நான் வெட்ட மாட்டேன், தெரியும்ல? திருட்டுக் குதிரையா இருக்கும்."

"திருட்டு இல்ல. பெரிய மனுஷன், நேர்ல வந்து வித்தார். பேர் கேக்காதீங்க, சொன்னா நாளைக்கு எவனும் என் கடைக்கு வர மாட்டான். பொருள் அசல். இங்க பாருங்க." பின்மூடியைத் திறந்து, கண்ணில் வைக்கும் வில்லையை எங்களிடம் கொடுத்தான். உள்ளே என்னென்னவோ குட்டிக் குட்டியாகச் சுற்றியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. ஆனால் பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இழுத்து வந்து சொன்னேன்: "அந்த ஆள் அன்னைக்கு என்ன சொன்னார்? காகிதம் இல்லாததும் குலம் தெரியாததும் ஒண்ணுன்னு. மறந்துட்டியா?"

"அதனாலதான்டி அவருக்கே கொடுக்கறேன். இத்தன வருஷம் அதையே கட்டினவர், கையில எடுத்ததுமே அசல்னு தெரிஞ்சிரும். வேற எவன் சந்தேகப்பட்டாலும் அவர் சொல்லிருவார். அவர விடப் பெரிய காகிதம் எது?"

இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை.

பஜார் மேடையை விற்றாள். வாங்கியவன் அவளையே அங்கே வாடகைக்கு இருக்கச் சொன்னான். மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே துணியை விரித்து, அதே குர்த்தை அடுக்கினாள். பார்ப்பவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. மாதக் கடைசியில் வாடகை வாங்க ஆள் வந்தபோதுதான் பக்கத்து மேடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடிகாரத்தை மோல்தீரிடம் காட்டினாள். பெண் அதைத் தன் ஒல்லிக் கையில் மாட்டிப் பார்த்தது. வளையல் மாதிரி தொங்கியது. கழற்றும்போது "ஆ" என்றாள். கொக்கியின் ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல், அதில் நகம் மாட்டிக்கொண்டது. "அம்மா, இவ்வளவு செலவு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே விரலைச் சப்பினாள். கண் கலங்கியிருந்தது. பாசம் இல்லாத பெண் இல்லை அவள். இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கப் போகிறீர்கள்.

பெண்ணை அனுப்பி வைக்கும் விருந்து மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு, ஆட்டம், வாழ்த்து எல்லாம் முடிந்து சம்பந்தி சீர் வைக்கிற நேரம் வந்தது. சீரை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, யாருக்கு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது. அங்கிகள், கம்பளங்கள், வெள்ளித் தோடுகள் எல்லாம் போயின. பெண்கள் கண்ணாலேயே விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தச் சின்னப் பொட்டலத்தை எடுத்தேன்.

"மூத்த சம்பந்தி அமன்கெல்திக்கு! வெறுங்கையோட நிக்கறேன்னு புலம்பினார்ல? நாங்க காதுல வாங்கிட்டோம்!"

சபை சிரித்தது. ரவ்ஷானே எழுந்து போய் அவர் கையில் கட்டினாள். அவருக்குத் தடித்த மணிக்கட்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் வளையம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். இது ஒரே அமுக்கில் பூட்டிக்கொண்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி. அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அமன்கெல்தி சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அப்புறம் அவர் கட்டை விரல் கொக்கியின் ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. சிரிப்பு அப்படியே இருக்க, முகத்தில் இருந்த ரத்தம் மட்டும் வடிந்துவிட்டது. சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் தம்பி கையைத் தட்டினான். "அண்ணே, ஜோடி சேந்திருச்சு! அது சுவிட்சர்லாந்துல இருந்து வரட்டும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படம் எடுக்கணும்!"

"காகிதம் எங்க சம்பந்தியம்மா?" என்று இன்னொருத்தன் கேட்டான். "நம்பர் பாக்கலாம். அண்ணனுக்கு முந்தினதா பிந்தினதான்னு தெரிஞ்சுக்கலாம்."

ரவ்ஷான் மறைக்கவில்லை. "காகிதம் இல்லாமத்தான் வாங்கினேன், தம்பி. ஆனா சம்பந்திக்கே தெரியும், அவர்கிட்ட கேளுங்க. சொல்லுங்க சம்பந்தி, அசல்தானே?"

மண்டபமே அவரைப் பார்த்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றினார். காதில் வைத்துக் கேட்டார், விளக்குக்கு நேரே பிடித்தார். நேரத்தை வாங்குகிறார் என்று இப்போது புரிகிறது. பிறகு மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னார்:

"நல்லா ஏமாத்திட்டாங்க சம்பந்தியம்மா உங்கள. நகல்தான், ஆனா நல்ல நகல். பரவால்ல. கடிகாரமா முக்கியம்? மனசுதான் முக்கியம்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பீபிகுல் சால்வை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். ரவ்ஷான் அந்த இடத்திலேயே நின்றாள், கை இரண்டும் முன்னால் நீட்டியபடி. கட்டிவிட்ட கை கீழே இறங்கவே இல்லை. நான்தான் போய்ப் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் வதீம் கடைக் கதவை உடைக்காத குறை. "மோசக்காரப் பாவி, என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" வதீம் முதலில் வெளுத்தான், பிறகு சிவந்தான்.

"கொண்டு வாங்க அதை. பின்மூடியத் திறந்து உங்க கண்ணு முன்னாலயே காட்டறேன். போலின்னா பணம் மொத்தமும் தரேன், மேல என் கடையையும் எழுதித் தரேன். கொண்டு வாங்க!"

எப்படிக் கொண்டு வருவது? சம்பந்திக்குச் சீராக வைத்ததைத் திருப்பிக் கேட்பதைவிட வாசலில் நின்று காறித் துப்பலாம். அப்படி ஒருத்தி கேட்டாள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ரவ்ஷான் வதீமை முறைத்துவிட்டு வந்துவிட்டாள். அவன் தைரியமாகச் சவால் விட்டதற்குக் காரணமே, அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்ததுதான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். பாவம், பஜார் முழுக்க அவன் பேரை நாறடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அமன்கெல்தியின் கடிகாரம் "சர்வீஸ் முடிந்து" வந்துவிட்டது. ஒரு சாவு வீட்டு விருந்தில் நான் கண்ணால் பார்த்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். "அசல்னா அசல்தான்யா. அன்னைக்கு அந்தம்மா கட்டினது பத்தடி தள்ளி நின்னே பல்லிளிச்சுது." ஆளாளுக்கு வித்தியாசம் சொன்னார்கள். அதன் நீலம் வேறாம், இதன் நீலம் வேறாம். அந்தப் போலி எங்கே என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தூக்கிப் போட்டுட்டார்" என்றாள் பீபிகுல்.

அந்த வீட்டில் மோல்தீர் எப்படி இருந்தாள் என்று எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். விருந்தாளிகள் வந்தால் மருமகள்தான் டீ ஊற்ற வேண்டும். "எங்க மருமகளுக்குக் காகிதம் உண்டு, பட்டமே வாங்கியிருக்கா. அவ அம்மா வாங்கற சாமானுக்குத்தான் காகிதம் கிடையாது" என்று பீபிகுல் சொல்வாளாம், எல்லாரும் சிரிப்பார்களாம். மோல்தீர் அம்மாவுக்குப் போன் செய்வது குறைந்தது. வருவது அதைவிடக் குறைந்தது. ரவ்ஷான் போனை மேடையில் குர்த்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். அடித்தால் கையை மேலங்கியில் துடைத்துவிட்டு எடுப்பாள், வாடை போனுக்குள்ளே போய்விடும் என்கிற மாதிரி.

பேரன் பிறந்தான். அவன் நடக்கத் தொடங்கிய சமயம், புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், வதீம் என் மேடைக்கு வந்தான். அத்தனை நாள் என் பக்கமே வராமல் இருந்தவன்.

"காஸி வேணுமா? போலிக் கடிகாரம் விக்கறவனுக்கு நான் போலிக் காஸிதான் தருவேன்" என்றேன்.

"இன்னைக்குக் காஸிக்கு வரல. நீங்களும் உங்க தோழியும் என் கடைக்கு வாங்க. வந்து கண்ணால பாருங்க. அப்புறம் என்னைத் திட்டறதுன்னா திட்டுங்க."

போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே நீல முகம். இந்தத் தடவை பக்கத்தில் தோல் பெட்டியும் ஒரு அட்டையும் இருந்தன. விலை அப்போது ரவ்ஷான் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு. வதீம் கடிகாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"பின்மூடிக்குள்ள நான் போட்ட குறி இருக்கு. நான் வித்ததேதான். போன வாரம் திரும்ப வந்துச்சு, காகிதத்தோட. முதல் தடவ வித்தவரும் இந்தத் தடவ வித்தவரும் ஒரே ஆள். பேர் சொல்ல மாட்டேன், அது என் தொழில். ஆனா அட்டையில முதல்ல வாங்கினவர் பேர் எழுதியிருக்கு. உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல?"

ரவ்ஷான் அட்டையைப் படித்தாள். திரும்பப் படித்தாள். என்னிடம் நீட்டினாள். அமன்கெல்தி. அப்பன் பேரோடு, குடும்பப் பேரோடு.

மீதியைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கட்டடம் பாதியில் நின்று, கையில் காசில்லாமல், ஊருக்குத் தெரியாமல் கடிகாரத்தை விற்றவர். வீட்டில் பெட்டியும் காகிதமும் இருந்தால் போதும், கடிகாரம் சர்வீஸில் இருக்கிறது என்று வருஷக்கணக்கில் சொல்லலாம் என்று அதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டவர். அந்தக் கடிகாரத்தையே ரவ்ஷான் கொண்டுபோய்ச் சபையில் கட்டினாள். அசல் என்று சொல்லியிருந்தால் இன்னொன்று எங்கே என்று கேள்வி வரும். அதனால் உலகத்திலேயே அது அசல் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனுஷன், அதைப் போலி என்றார். பிறகு அதையே கையில் கட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு அவள் மேடையை விற்று வாங்கின பொருளைக் காகிதத்தோடு விற்றுத் தின்றார்.

"தூ!" என்றேன். ரவ்ஷான் அழவில்லை. போனை எடுத்து அட்டையையும் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடித்தாள்.

"பேரனுக்கு நூல் வெட்டற விருந்து வருதுல்ல" என்றாள். "அதே சபைதானே வரும். காட்டறேன்."

நடக்கத் தொடங்கிய குழந்தையின் காலில் கறுப்பு வெள்ளை நூல் கட்டி வெட்டிவிடுகிற விருந்து. மலைப்பக்க வீட்டில் ஜனம் நெருக்கியடித்தது. அமன்கெல்தியின் மணிக்கட்டில் மறுபடி வெள்ளைத் தடம். சர்வீஸ் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலிலேயே பீபிகுல் எங்கள் பையைப் பார்த்தாள்.

"வாங்க சம்பந்தியம்மா. இந்தத் தடவ காகிதம் இருக்கற சாமானா?"

"இருக்கு சம்பந்தியம்மா" என்றாள் ரவ்ஷான். "இந்தத் தடவ காகிதம் இருக்கு."

அவள் அப்படி நிமிர்ந்து பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் அவளுக்கு முதலில் மகளிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்காகத்தானே இதெல்லாம். மோல்தீர் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ரவ்ஷான் கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினாள்.

"பாரு. பேரப் பாரு. நம்பரப் பாரு. உங்க அம்மா போலி கொடுக்கலடி."

மோல்தீர் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பால் பொங்கி வந்தது, அடுப்பைத் தணித்தாள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"சர்வீஸ்ல இருந்து வந்துச்சுன்னு அவர் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும். கழட்டி மேஜையில வச்சிருந்தார். கொக்கியில அதே நசுங்கல். என் நகம் மாட்டிச்சுல்ல."

நான்தான் கத்தினேன்: "ரெண்டு வருஷமா உங்க அம்மாவப் போலிக்காரின்னு ஊரே சிரிக்குது. உனக்குத் தெரிஞ்சு, நீ வாய மூடிக்கிட்டு இருந்தியா?"

"மெதுவாப் பேசுங்க பெரியம்மா. வெளிய கேக்கும்." அவள் கோப்பைகளை அடுக்கினாள். "நான் சொல்லியிருந்தா அவர் ஒண்ணுமில்லாதவர்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். மிராஸ் பேருல வாங்கின கடன் எல்லாம் கழுத்தப் பிடிச்சிருக்கும். இந்த வீட்டுக் கௌரவத்துலதான் இன்னமும் எவனாவது கடன் கொடுக்கறான். நான் இந்த வீட்டு மருமக. என் பையன் இந்த வீட்டுப் பேரு." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "நீ ஒருத்தி பொறுத்துக்கிட்டா எல்லாரும் நல்லா இருப்போம். நீ பொறுத்துக்குவம்மா. எவ்வளவோ பொறுத்திருக்க. அந்தப் படத்தக் காட்டாத."

ரவ்ஷான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சபையில் அமன்கெல்திக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்திருந்தாள், கை பைக்குள்ளே இருந்தது. காட்டுவாளா மாட்டாளா என்று எனக்கே தெரியவில்லை. அமன்கெல்தி குதிரைக் கறியைப் பற்றி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மோல்தீர் டீ கொண்டு வந்தாள். பட்டுச் சால்வை, நிமிர்ந்த தலை, பேச்சில் அளவான சிரிப்பு. ரவ்ஷான் பஸ்ஸில் என்னிடம் சொன்னாளே, அப்படியேதான் இருந்தாள். மாமனாருக்குக் கொஞ்சம் ஊற்றினாள். பீபிகுலுக்குக் கொஞ்சம். எனக்குக் கொஞ்சம். அடுத்து அம்மாவின் கோப்பையை எடுத்தாள். ஊற்றினாள். பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. விளிம்புவரை ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் நீட்டினாள்.

ரவ்ஷான் கோப்பையைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து அதை வாங்கிக்கொண்டாள். சூடு பொறுக்காத டீ. ஊதக்கூட இல்லை. ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கிளம்பறேன்" என்று எழுந்தாள்.